வலமிருந்து இடமாக: நன்னியின் கிதாபும் நம் கைபேசித் திரையும்



எங்கள் நன்னி எழுதப் படிக்கத் தெரியாதவர் என்பதற்கு எழுத்துபூர்வமான சான்றுகள் பல உண்டு. குடும்ப அட்டை விண்ணப்பத்திலும், சேமிப்புக் கணக்குத் தாளிலும், வீட்டுப் பத்திரத்திலும் அவருடைய கையொப்பம் இருக்க வேண்டிய இடத்தில் இடக்கைப் பெருவிரலின் ரேகையே பதிந்திருக்கிறது. அதே நன்னி நாள்தோறும் ஃபஜ்ருக்குப் பின் குர்ஆன் ஓதி முடித்ததும், மாடக்குழியிலிருந்து முகப்பு ஏடு கிழிந்துபோன ஒரு பழைய கிதாபை எடுத்து ரைஹால் பலகையில் விரித்து, ஒளுவின் சட்டங்களையும் நோன்பின் சட்டங்களையும் தெருப் பெண்களுக்கு வாசித்துக் காட்டுவார். அவர் வாசித்தது தமிழ். ஆனால் அவருடைய விரல் ஏட்டின் வலப்பக்கத்தில் தொடங்கி இடப்பக்கம் நோக்கி நகரும்.

அந்தக் கிதாபு அரபுத்தமிழில் அச்சிடப்பட்டது. மொழி தமிழ், எழுத்து அரபி. நன்னி வஃபாத்தாகிச் சில ஆண்டுகள் கழித்து அதைத் துடைத்து வைக்கும்போது, கடைசி வெற்றுத் தாளில் அவருடைய கையாலேயே எழுதப்பட்ட நான்கு வரிகளைக் கண்டோம். பட்டதாரிகள் நிறைந்த குடும்பத்தில் அதை முழுதாகப் படிக்கத் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை. கைபேசியின் மொழிபெயர்ப்புச் செயலியில் காட்டினோம். அது நொடியில் ‘அரபி’ என்று அடையாளம் கண்டு, ஒன்றோடொன்று ஒட்டாத சில சொற்களைத் தந்தது. எழுத்து அரபியாக இருந்தால் மொழியும் அரபியாகத்தான் இருக்கவேண்டும் என்பது அந்தச் செயலியை வடிவமைத்தவர்களின் எண்ணம் போலும். எங்கள் அத்தா மட்டும் அந்தத் தாளை நீண்ட நேரம் பார்த்திருந்துவிட்டு, “இதில் கடன் என்று ஒரு சொல் இருக்கிறது” என்றார். மார்க்கத்தில் மய்யித்தின் கடனுக்கு எத்தகைய இடம் உண்டு என்பதை வாசகர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. அந்த நான்கு வரிகளை வாசிக்க நாங்கள் எடுத்துக்கொண்ட முயற்சியில் அறிந்துகொண்டவற்றையே இங்குப் பகிர்ந்துகொள்கிறோம்.

அரபுத்தமிழ் ‘அர்வி’ என்றும் வழங்கப்பட்டது. தெலுங்கர் தமிழை ‘அரவம்’ என்று அழைத்த வழக்கோடு இப்பெயரைத் தொடர்புபடுத்துவாரும் உளர். காயல்பட்டினம், கீழக்கரை, இலங்கையின் பேருவளை, காலி எனக் கடலோர ஊர்களில் இவ்வெழுத்து செழித்தது. கீழக்கரையில் அரூஸிய்யா மத்ரஸாவை நிறுவிய இமாமுல் அரூஸ் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அவர்களின் ‘மகானீ’, ‘ஃபத்ஹுத் தய்யான்’ ஆகியவை இவ்வெழுத்தில் அமைந்த புகழ்பெற்ற நூல்கள். அவை ஷாஃபிஈ மத்ஹபைச் சார்ந்தவை. கொங்கு நாட்டு ராவுத்தர் குடும்பங்களில் பெரும்பாலோர் ஹனஃபிகள். பள்ளப்பட்டி, தாராபுரம், உடுமலை, பொள்ளாச்சி, கோவை என்று உள்நாட்டில் பரவிய நம்மவரின் வீடுகளுக்கு வந்த கிதாபுகளில் சட்டங்கள் சற்று வேறு, எழுத்து ஒன்றுதான்.

கோவையில் இன்னொரு நிலையும் உண்டு. கோட்டைமேட்டின் ஒரே சந்தில் தமிழ் பேசும் வீடும், தக்னி உருது பேசும் வீடும், பாலக்காட்டிலிருந்து வந்து மலையாளம் பேசும் வீடும் அடுத்தடுத்து நிற்கும். மூன்று வீட்டுப் பிள்ளைகளும் ஒரே மக்தபில் ஒரே அலிஃப் பேயைத்தான் கற்றனர். ஆகவே அரபி எழுத்து என்பது, தமிழ் நெடுங்கணக்கை அறியும் முன்பே ஒரு பெண்பிள்ளைக்குக் கைவந்துவிடும் எழுத்தாக இருந்தது. பள்ளிக்கூடம் அனுப்பப்படாத பெண்ணுக்கு அதுவே ஒரே எழுத்தாகவும் இருந்தது. அந்த ஒரே சாவியைக் கொண்டு அவளுடைய தாய்மொழியின் கதவையும் திறந்துவிடலாம் என்று எண்ணிய ஆலிம்களின் அறிவை வியக்காமல் இருக்க முடியவில்லை.

அந்தச் சாவியை அவர்கள் செதுக்கிய விதம் கவனிக்கத்தக்கது. அரபியில் எழுத்துகள் 28. தமிழுக்குத் தேவையான ட, ண, ற, ப, ச, ங போன்ற ஒலிகள் அவற்றில் நேராக இல்லை. புதிய உருவங்களைப் படைக்காமல், பழகிய எழுத்துகளுக்கு மேலும் கீழும் புள்ளிகளைச் சேர்த்து 12 எழுத்துகளை உருவாக்கி, மொத்தம் 40 ஆக்கினர் என்பது வழக்கமான கணக்கு. தாலுக்குக் கீழே ஒரு புள்ளி வைத்தால் டகரம். நூனுக்குக் கீழே ஒரு புள்ளி வைத்தால் ணகரம். றேயின் கீழே புள்ளியிட்டால் றகரம். ஃபேயின் கீழே புள்ளியிட்டால் பகரம். ஐனுக்குக் கீழே மூன்று புள்ளிகள் வைத்தால் ஙகரம். மலாய் மொழியை அரபி எழுத்தில் எழுதும் ஜாவி முறையிலும் பகரத்துக்கு ஃபேயையும் ஙகரத்துக்கு ஐனின் குடும்பத்தையும்தான் எடுத்துக்கொண்டார்கள். அங்கே மூன்று புள்ளிகள் மேலே ஏறின. பாய்மரக் கப்பல்களில் பண்டங்கள் மட்டும் போய்வரவில்லை போலும்.

ளகர, ழகர ஒலிகளின் பக்கம் வந்தபோது ளாத் எழுத்தின் உருவத்தை நாடினர். இது நமக்குப் புதிதன்று. ரமளான், ஒளு, ஃபர்ளு, களா என்று நாம் தமிழில் எழுதும்போதெல்லாம் அந்த ளாத் எழுத்தைத்தான் ளகரமாக எழுதுகிறோம். வடக்கே ‘ரம்ஜான்’ என்பார்கள். நாம் ‘ரமளான்’ என்கிறோம். அந்த ஒலி உறவைத் திருப்பிப் போட்டால் அரபுத்தமிழ் எழுத்து கிடைத்துவிடும்.

உயிர்க்குறிகளில் அவர்கள் காட்டிய நுட்பம் இன்னும் சிறப்பு. அரபியின் ஜபர், ஜேர், பேஷ் மூன்றும் அ, இ, உ என்பவற்றுக்குப் போதும். எகரத்துக்கும் ஒகரத்துக்கும் வேறு குறிகள் தேவைப்பட்டன, அவற்றையும் வகுத்தனர். மெய்யெழுத்து ஒவ்வொன்றின்மேலும் சுக்கூன் இட்டனர். அக்காலத்து ஓலைச்சுவடிகளில் தமிழ் எழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளியே கிடையாது. எகர ஏகார வேறுபாடும் கண்ணுக்குத் தெரியாது. 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் அந்தக் குறையைத் தீர்க்க முனைந்ததைப் பாடநூல்களில் படிக்கிறோம். அரபுத்தமிழ் நூல்களோ, குர்ஆனைப் போலவே ஒவ்வொரு எழுத்துக்கும் ஹரக்கத் இட்டு எழுதப்பட்டவை. ஊகிக்க எதையும் விட்டுவைக்கவில்லை. புதிதாகப் படிக்கும் பெண்ணொருத்தி யாரையும் கேட்காமல் தானே வாசித்துக்கொள்ள வேண்டும் என்ற நோக்கம் அந்தப் பக்கங்களில் தெரிகிறது. இன்று மென்பொருள் துறையினர் ‘பயனர் இடைமுகம்’ என்று பெரிய பெயரிட்டுப் பேசுவது இதைத்தான்.

நன்னியின் கிதாபை அந்தக் கண்ணோடு மீண்டும் புரட்டினோம். முதுகு வலப்பக்கம், ஏடுகள் இடமிருந்து வலமாகப் புரள்கின்றன. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் இடது மூலையில் ஒற்றைச் சொல் ஒன்று தனித்து நிற்கிறது. அது அடுத்த பக்கத்தின் முதற்சொல். வாசிப்பவர் ஏட்டைப் புரட்டும் அந்த நொடியில் நா தடுமாறக்கூடாது என்பதற்காகவும், கட்டுபவர் ஏடுகளை வரிசை மாற்றிவிடக்கூடாது என்பதற்காகவும் இட்ட அடையாளம் அது. நடுக்கட்டத்தில் மூலம், ஓரங்களில் சாய்வாக விளக்கம். நன்னி ஓரத்தை வாசிக்கும்போது கிதாபைச் சற்றே திருப்பிக்கொள்வார்; சிறுவயதில் அது எங்களுக்கு விளையாட்டாகத் தோன்றியது.

அந்த நூல் அச்செழுத்துக் கோத்து அடித்ததன்று, கல்லச்சு. இதற்குக் காரணம் உண்டு. இந்திய மொழிகளிலேயே முதன்முதலில் அச்சேறியது தமிழ்தான். 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ ஈயவெழுத்துகளைக் கோத்து அச்சிடப்பட்டது. தமிழெழுத்துகள் தனித்தனியே நிற்பவை. அச்சுக் கோப்பவருக்கு இணக்கமானவை. அரபி எழுத்தோ சொல்லின் தொடக்கத்தில் ஓர் உருவும், நடுவில் வேறோர் உருவும், இறுதியில் இன்னோர் உருவும், தனித்து நிற்கையில் மற்றோர் உருவும் கொள்வது. கைகோத்து நிற்கும் எழுத்துகளைத் தனித்தனி ஈயக்கட்டைகளாக வெட்டினால் இணைப்பில் இடைவெளி விழும். அதன்மேல் ஹரக்கத்துகளும் அரபுத்தமிழின் கூடுதல் புள்ளிகளும் ஏறினால் கட்டைகளின் எண்ணிக்கை எங்கோ போய்விடும்.

இந்த எழுத்தைத் தம் வாழ்வில் பழகாதவர்கள் வடிவமைத்தால் என்னவாகும் என்பதற்கு வெனிஸ் நகரின் கதை சான்று. 1537–38ஆம் ஆண்டுகளில் அங்குப் பகானினி என்னும் தந்தையும் மகனும் குர்ஆனை ஈயவெழுத்தில் அச்சிட்டனர். முஸ்லிம் நாடுகளில் விற்றுப் பொருளீட்டும் எண்ணம். ஆனால் தாலுக்கும் தாலின்மேல் புள்ளியிட்ட எழுத்துக்கும் வேறுபாடுகூடச் சரியாகக் காட்டப்படவில்லை; பிழைகள் மலிந்திருந்தன. வணிகம் முற்றிலும் தோற்றது. அந்தப் பதிப்பு இருந்ததா என்பதே ஐயமாகிவிட்ட நிலையில், 1987இல் வெனிஸின் ஒரு மடாலய நூலகத்தில் ஒரேயொரு படி கண்டெடுக்கப்பட்டது. ஒரு புள்ளிதானே என்று அச்சிட்டவர் எண்ணியிருக்கலாம்.

1796இல் ஜெர்மானியரான செனஃபெல்டர் கண்டறிந்த கல்லச்சு முறை இந்தச் சிக்கலை ஒரே வீச்சில் தாண்டியது. காத்திபு தம் கையெழுத்தில் பிசுபிசுப்பான மையால் தாளில் எழுதுவார். அது கல்லுக்கு மாற்றப்பட்டு அப்படியே அச்சாகும். எழுத்து இணையுமா, புள்ளி எங்கே விழும் என்ற கவலையே இல்லை. 1835இல் அச்சகம் நடத்துவதற்கான கட்டுப்பாடுகள் இந்தியாவில் தளர்ந்தபின், கிதாபுகள் கல்லச்சில் பெருகின. இதன் தொடர்ச்சியை இன்றும் காண விரும்புவோர் சென்னைத் திருவல்லிக்கேணிக்குச் செல்லலாம். 1927இல் தொடங்கிய ‘முஸல்மான்’ என்னும் உருது நாளிதழைக் காத்திபுகள் கையால் எழுதி, அதைப் படமெடுத்து அச்சிட்டுவந்த மரபு உலகப் புகழ் பெற்றது. கடைசி நேரச் செய்திக்காக முதற்பக்கத்தில் ஒரு மூலையை எழுதாமல் விட்டுவைப்பார்களாம்.

அரபுத்தமிழின் கதை அப்படித் தொடரவில்லை. நம் பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடம் சென்றனர். அல்ஹம்துலில்லாஹ், அது வேண்டிய மாற்றமே. 20ஆம் நூற்றாண்டில் மார்க்க நூல்கள் தமிழெழுத்தில் வரத்தொடங்கின. ஆ.கா.அப்துல் ஹமீது பாகவி (ரஹ்) அவர்களின் குர்ஆன் தர்ஜமா தமிழெழுத்தில் வீடுதோறும் புகுந்தபின், கிதாபு மாடக்குழியிலேயே தங்கிவிட்டது. பெயர்த்தி தமிழில் படித்துக் காட்ட, நன்னி கேட்டு அமர்ந்த காட்சி எங்கள் வீட்டிலும் உண்டு. யாரும் அரபுத்தமிழை எதிர்க்கவில்லை. தேவை குறைந்தது, கற்பிப்பவர் குறைந்தனர், அவ்வளவே. எனினும் ஒரு தலைமுறை எழுதிவைத்ததை அடுத்த தலைமுறை வாசிக்க முடியாமல் போவதைச் சிறிய இழப்பென்று சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை.

இனிக் கணினியின் காலத்துக்கு வருவோம். கணினித் திரை ஆங்கிலத்துக்காகப் பிறந்தது. இடமிருந்து வலமாக எழுத மட்டுமே அதற்குத் தெரியும். அரபி வேண்டுமென்றால், தொடக்கத்தில் சிலர் எழுத்துகளைத் தலைகீழ் வரிசையில் பதிந்து, பார்வைக்குச் சரியாகத் தோன்றுமாறு செய்தனர். கண்ணுக்குச் சரி, ஆனால் ஒரு சொல்லைத் தேடினாலோ வரியை மடக்கினாலோ எல்லாம் குலைந்துவிடும். ஜெராக்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய ஜோசப் பெக்கர் 1987இல் அரபிச் சொற்செயலாக்கம் குறித்து ஒரு கட்டுரை வெளியிட்டார். யூனிகோட் என்னும் ஒருங்குறிக்கு வித்திட்டவர்களுள் அவரும் ஒருவர். அந்த வழியில் நிலைபெற்ற கொள்கை எளியது: எழுத்துகளை வாசிக்கும் வரிசையிலேயே நினைவகத்தில் வை, எந்தத் திசையில் காட்டுவது என்பதைத் திரை தீர்மானிக்கட்டும். எழுத்து கொள்ளும் நான்கு உருவங்களுக்கும் ஒரே எண். எந்த இடத்தில் எந்த உருவம் என்பதை எழுத்துருவும் மென்பொருளும் பார்த்துக்கொள்ளும். நம் ஹாஃபிழ்களின் நெஞ்சில் குர்ஆன் வலம் இடம் என்ற திசையோடா இருக்கிறது? முன், பின் என்ற வரிசையோடுதான் இருக்கிறது.

இந்த ஏற்பாட்டில் ஒவ்வொரு எழுத்துக்கும் இயல்பான திசை ஒன்று உண்டு. அரபி எழுத்து வலமிருந்து இடம்; தமிழெழுத்து இடமிருந்து வலம். புள்ளிக்கும் அடைப்புக்குறிக்கும் சொந்தத் திசை கிடையாது, சுற்றியிருப்பவர்களைப் பின்பற்றும். நம் குடும்பக் குழுக்களில் பலரும் கண்டிருப்பீர்கள்: ஸலாமை அரபி எழுத்தில் தட்டச்சிட்டு, அதே வரியில் தமிழில் செய்தியைத் தொடர்ந்தால், முற்றுப்புள்ளி இடப்பக்கம் ஓடிப்போய் நிற்கும். பல செயலிகள் பத்தியின் முதல் எழுத்தைப் பார்த்தே பத்தி முழுவதன் திசையையும் முடிவுசெய்கின்றன என்பதே காரணம். அரபியைத் தனி வரியில் எழுதி, தமிழை அடுத்த வரியில் தொடங்கினால் இந்தத் தொல்லை தீரும்.

இன்னும் விந்தையானவை எண்கள். அரபி வலமிருந்து இடமாக ஓடினாலும், அதன் நடுவே வரும் எண் மட்டும் இடமிருந்து வலமாகவே நிற்கும். பெரிய இடமதிப்பு இடப்பக்கம், ஒன்றாம் இடம் வலப்பக்கம். அரபுகள் தம் எண்களை ‘இந்திய எண்கள்’ என்றே அழைக்கிறார்கள். நம் நாட்டிலிருந்து சென்றவை தம் நிலையை மாற்றிக்கொள்ளவில்லை. செவ்வியல் அரபியில் இருபத்தைந்தை ‘ஐந்தும் இருபதும்’ என்றே சொல்வர். வலமிருந்து வரும் கண்ணுக்கு அந்த முறையில் முரண்பாடு தோன்றாது. இதை ஏன் இவ்வளவு விரித்துச் சொல்கிறோம் என்பது பின்னர் விளங்கும்.

2010 ஜூன் 23 முதல் 27 வரை கோவை கொடிசியா வளாகத்தில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்ததை நம்மூரார் மறந்திருக்க மாட்டார்கள். அதனோடு தமிழ் இணைய மாநாடும் நடந்தது. அதுவரை ஒரு கணினியில் தட்டச்சிட்ட தமிழ் மறு கணினியில் கிறுக்கலாகத் தெரியும் அளவுக்குக் குறியாக்கங்கள் பலவாக இருந்தன. தமிழக அரசு ஒருங்குறியை ஏற்ற ஆணை அந்த மாநாட்டையொட்டியே வந்தது. நாங்களும் குடும்பத்தோடு கண்காட்சிக்குச் சென்றோம். வரிசையில் நின்று கால் வலித்ததும், ஓலைச்சுவடிப் படங்களைப் பார்த்து நன்னி “இதையெல்லாம் பத்திரமாக வைத்திருக்கிறார்களே” என்றதும் நினைவில் உள்ளன. அவருடைய எழுத்துகள் எல்லாம் அப்போது ஒருங்குறியில் இடம்பெற்றிருக்கவில்லை என்பது எங்களுக்குத் தெரியாது.

2015இல் வெளியான ஒருங்குறியின் 8.0ஆம் பதிப்பில்தான், மூன்று அடிப்புள்ளிகள் கொண்ட ஐனும், ஒற்றை அடிப்புள்ளி கொண்ட காஃபும் அர்விக்கென்றே சேர்க்கப்பட்டன. டகரம், ணகரம் முதலிய பிற வடிவங்கள் வேறு மொழிகளின் பொருட்டு ஏற்கெனவே இடம்பெற்றிருந்தன. அதாவது, நன்னியின் கிதாபிலுள்ள ஙகரத்துக்கு உலகக் கணினிகளில் முகவரி கிடைத்தபோது நன்னி இல்லை. முகவரி கிடைத்துவிட்டால் வீடு கட்டியாயிற்று என்று பொருளன்று. அவ்வெழுத்துகளைக் காட்டும் எழுத்துரு வேண்டும். தட்டச்சிட விசைப்பலகை வேண்டும். பழைய ஏட்டைப் படித்தறியும் மென்பொருள் வேண்டும்.

சாதாரண அரபிக்கே இன்னும் சோதனை தீரவில்லை. எங்கள் வீட்டு நிக்காஹ் ஒன்றுக்கு ஓர் அச்சகத்தில் 500 அழைப்பிதழ்கள் அடிக்கக் கொடுத்தோம். அர்ரூம் அத்தியாயத்தின் 21ஆம் வசனம் மேலே இடம்பெற வேண்டும். வந்த அட்டையில் எழுத்துகள் அனைத்தும் கைவிட்டுப் பிரிந்து, இடமிருந்து வலமாக வரிசை மாறி நின்றன. அச்சகத்துத் தம்பியின் மேல் குறையில்லை. அவருக்கு அரபி தெரியாது, அழகிய கோலமாகத்தான் தெரிந்திருக்கும். அவர் பயன்படுத்திய பழைய மென்பொருளுக்கு இணைத்துக் காட்டவும் திசை திருப்பவும் தெரியாது. அத்தனை அட்டைகளையும் திரும்பப் பெற்று, உரிய மரியாதையுடன் அப்புறப்படுத்தினோம். அன்று முதல், அரபி வசனத்தை எழுத்தாக அனுப்பாமல் படமாகவே அனுப்புகிறோம். ஒரு வகையில் அதுவும் கல்லச்சுதான்.

பீளமேட்டிலும் சரவணம்பட்டியிலும் மென்பொருள் அலுவலகங்களில் பணியாற்றும் நம் பிள்ளைகளுள் சிலர் வளைகுடா நாடுகளுக்கான செயலிகளை வடிவமைக்கின்றனர். எங்கள் மைத்துனர் மகனும் அவர்களுள் ஒருவர். அவர் சொன்னவை சுவையானவை. 2012இல் ஆண்ட்ராய்டு 4.2 வந்த பின்னும், 2015இல் ஐஓஎஸ் 9 வந்த பின்னும், அரபியைத் தேர்ந்தெடுத்தால் திரை முழுவதுமே கண்ணாடியில் தெரிவதுபோல் இடம்மாறும் வசதி வந்ததாம். பட்டியல் வலப்பக்கம் செல்லும். ‘பின்செல்’ என்னும் அம்பு வலம் நோக்கும். ஆனால் எல்லாவற்றையும் திருப்பிவிடக் கூடாது. கடிகாரம் அரபு நாட்டிலும் வலஞ்சுழியாகத்தான் ஓடுகிறது. கிராஅத்தை ஒலிக்கவிடும் பொத்தானின் முக்கோணம் திரும்புவதில்லை. அது வாசிப்பின் திசையைக் குறிக்கவில்லை, அந்நாளைய ஒலிநாடா ஓடும் திசையைக் குறிக்கிறது. தொலைபேசி எண் திரும்பினால் அழைப்பு வேறு வீட்டுக்குப் போகும். தேர்ந்த வடிவமைப்பாளர்கள் தம் நிரல்களில் ‘இடம்’, ‘வலம்’ என்று எழுதுவதை விட்டு, ‘தொடக்கம்’, ‘முடிவு’ என்றே எழுதப் பழகிவிட்டார்களாம்.

அவரிடம் நாங்கள் கேட்ட ஒரு கேள்விக்கு மட்டும் தெளிவான விடை கிடைக்கவில்லை. தமிழ் தர்ஜமாவுடன் கூடிய குர்ஆன் செயலியில் ஏட்டை எந்தப் பக்கம் தள்ளுவது? அச்சு நூல்களிலேயே இது தீரவில்லை. சில பதிப்புகள் அரபி நூல்போல வலப்பக்க முதுகோடு வருகின்றன. உள்ளே தமிழ் வரிகள் எதிர்த்திசையில் ஓடுகின்றன. வேறு சில தமிழ் நூல்போலத் திறக்கின்றன. எங்கள் கருத்து, மூலத்தின் திசையையே ஏடும் பின்பற்ற வேண்டும் என்பது. மைத்துனர் மகனோ, கண் எந்த வரியில் அதிகநேரம் நிற்கிறதோ அதைப் பார்க்க வேண்டும் என்கிறார்.

நன்னியின் நான்கு வரிகளுக்குத் திரும்புவோம். செயலி கைவிட்டபின், மக்தபில் ஓதும் எங்கள் பன்னிரண்டு வயதுப் பெயரன் எழுத்துக்கூட்டி வாசிக்க முயன்றான். தாலின் அடிப்புள்ளியை டகரம் என்று சொல்லிக்கொடுத்ததும் ‘கடன்’ தெளிவானது. பெரிய கடை வீதியில் ஒரு ஜவுளிக்கடையின் பெயர் அதனருகில் இருந்தது. ஈண்டு அதைக் குறிப்பிடவில்லை. தொகை 71 ரூபாய் என்றான். வலமிருந்து வாசிக்கச் சொல்லியிருந்தோம். எண்ணையும் அப்படியே வாசித்துவிட்டான். பின்னர், பொள்ளாச்சிப் பக்கம் ஓய்வில் இருக்கும் மூத்த உஸ்தாது ஒருவரிடம் கிதாபைக் கொண்டுசென்றோம். அவர் கண்ணாடியைத் துடைத்து அணிந்துகொண்டு, தமிழ்ச் செய்தித்தாள் படிப்பதுபோல் சரளமாக வாசித்தார். ஜவுளிக்கடையில் துணி எடுத்த கடன் 17 ரூபாய். பக்கத்து வீட்டு அம்மாளிடம் வாங்கிய கம்பு ஒரு வள்ளம். களா நோன்பு 7.

களா நோன்புக்கு ஃபித்யா கொடுத்துவிடுமாறும், கடனை உரியவரின் வாரிசுகளைத் தேடிக் கொடுத்து மனப்பொருத்தம் பெறுமாறும் உஸ்தாது கூறினார். ஜவுளிக்கடையில் இப்போது பெயரர் அமர்ந்திருக்கிறார். விவரம் சொன்னதும் முதலில் வாங்க மறுத்தார். பிறகு எங்கள் முகத்தைப் பார்த்து வாங்கிக்கொண்டார். பக்கத்து வீட்டார் வீட்டை விற்றுத் திருப்பூர் சென்று நெடுங்காலமாயிற்று; விசாரித்து வருகிறோம்.

நான்காம் வரியை உஸ்தாதாலும் வாசிக்க முடியவில்லை. அந்த இடத்தில் தாளைப் பூச்சி அரித்திருக்கிறது. எழுத்தின் கீழே இருப்பது நன்னி வைத்த புள்ளியா, பூச்சி இட்ட துளையா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தும் அவருக்குத் துணிபு ஏற்படவில்லை. புள்ளி என்றால் ஒரு பெயர் வருகிறது. இல்லையென்றால் அது வேறொரு சொல். அந்தத் தாளைத் துல்லியமாகப் படமெடுத்து வைத்திருக்கிறோம். அரபுத்தமிழ் வாசிக்கத் தெரிந்த பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால் தெரிவியுங்கள். கிதாபுடன் நாங்களே வந்து காண்கிறோம், இன்ஷா அல்லாஹ்.